மலையகத்தில் ஒரு வாரம் நடப்பதென்றால்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "ஆகஸ்ட்டில் ஒரு வாரம் கையில் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், எல்லோரும் 50-ஐ ஒட்டியவர்கள், ஒருவருக்கு முழங்கால் வலி. இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் பெக்கோ டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறதாமே, அதில் எவ்வளவு தூரம் நடக்கலாம்? வழிகாட்டி வேண்டுமா? கூடாரம் கொண்டுவர வேண்டுமா?"

கூடாரம் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுமையும் செலவும் மிச்சம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோட்டம் காடு மாதிரித் தெரியும். ஆனால் அது ஒரு வேலைத்தளம். அதற்குக் காவல்காரர் உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு, துரை உண்டு. கண்ட இடத்தில் கூடாரம் அடித்தால் யாராவது வந்து எழுப்புவார்கள். யாரும் வராவிட்டால் காட்டுப்பன்றி வரும். சில மலைகளில் சிறுத்தையும் நடமாடுகிறது. ஒவ்வொரு நாள் நடையும் முடிகிற இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ படுக்க ஓர் ஊர் இருக்கும்படிதான் இந்தப் பாதையையே அமைத்திருக்கிறார்கள்.

மற்றவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போக நான் தினம் ஏறி இறங்கிய வழியில், இன்று வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு கையிலும் கோல் ஊன்றி நடக்கிறார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோல் நல்ல யோசனை, முழங்கால்காரருக்குக் கட்டாயம் இரண்டு வாங்கிக் கொடுங்கள்.

பெக்கோ பாதை கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். இதில் புதிதாக வெட்டியது மிகக் குறைவு. காப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் மூட்டை இறக்குவதற்காகப் போட்ட வண்டிப் பாதைகளையும், தொழிலாளர்கள் மலைக்கு மலை போய்வந்த குறுக்குப் பாதைகளையும் கோத்து எடுத்ததுதான் அது. பெக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். தளிர் மொட்டின் மேலிருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு வாரத்தில் முழுப் பாதையையும் நடக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். எதை நடப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை நீங்கள் வரும் மாதத்தில் இருக்கிறது.

மலைநாட்டுக்கு இரண்டு முகம். மேற்கு முகத்தில் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கேதான் கொட்டும். கிழக்கு முகம் ஊவா: அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை. அதே மேகம் மேற்கில் மழையை இறக்கிவைத்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். கச்சான் காற்று என்போம். அந்த வறண்ட காற்றில் கொழுந்து கொஞ்சம் வாடி, அதில் ஒரு தனி மணம் ஏறும். ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கிற காலம் ஜூலை முதல் செப்டம்பர். மேற்குப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச். ஆகவே நடக்கிறவருக்கு நான் சொல்லும் கணக்கு லேசானது: தேயிலை எங்கே எப்போது நன்றாக இருக்கிறதோ, அங்கே அப்போது போங்கள். இரண்டுக்கும் வேண்டியது காய்ந்த வானம்தான்.

நீங்கள் ஆகஸ்ட் என்கிறீர்கள். அப்படியானால் ஊவாதான், அதிலும் அப்புத்தளை. இன்னொரு காரணமும் உண்டு: கண்டி எசல பெரஹர என்ற ஊர்வலத் திருவிழா ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ வரும். அந்த நாட்களில் கண்டியில் அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். கண்டியிலிருந்து தொடங்கும் முதல் கட்டங்களை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புத்தளை 1,400 மீட்டருக்குச் சற்று மேலே, ஒரு கூரான மலைமுகட்டில் குதிரைச் சேணம் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஊவா மலைகள். சாலையைக் கடந்து மறுபக்கம் வந்தால் நிலம் கிடுகிடுவென்று தெற்குச் சமவெளிக்கு இறங்கிவிடும். ரயில் 1893-ல் இங்கே வந்து சேர்ந்தது, பதுளைக்குப் போக 1924 ஆயிற்று. பஸ்ஸும் ரயிலும் ஆட்டோவும் ஒரே இடத்தில் கிடைப்பதால், தினம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறவேண்டியதில்லை. அறையை இங்கேயே ஒரு வாரத்துக்கு எடுத்துவிடுங்கள். காலையில் வண்டியில் தூரமாகப் போய், அறையை நோக்கி நடந்து வாருங்கள். முதுகில் தண்ணீரும் சாப்பாடும் மட்டும். படுக்கையை நோக்கி நடக்கிறவனுக்கு அவசரமும் இல்லை, மாலை ரயிலைத் தவறவிடும் பயமும் இல்லை. முழங்கால்காரர் இன்று வேண்டாம் என்றால் அறையிலேயே இருந்துகொள்ளலாம். மற்ற மூவரின் திட்டம் கெடாது.

தூரத்தைப் பொறுத்தவரை, கோயம்புத்தூரில் காலைநடை போகும் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர், அதிகம் போனால் 15. ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பகல் திரும்பினால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும், சில நாள் மழையும். காலையில் கிடைக்கிற காட்சி மதியம் கிடைக்காது.

பாதை இரண்டு வகை. கரத்தை ரோட்டு என்று நாங்கள் சொல்லும் வண்டிப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும். மாட்டு வண்டி இழுக்கும் அளவுக்குத்தான் சரிவு வைத்திருப்பார்கள், அதனால் முழங்காலுக்குச் சிரமமில்லை. குறுக்கு என்பது தேயிலைக்கு நடுவே நேராக மேலே போகும் படி. நேரம் மிச்சம், மூட்டுக்கு நட்டம். ஏறும்போது குறுக்கில் போகலாம். இறங்கும்போது, எவ்வளவு சோம்பலாக இருந்தாலும், கரத்தை ரோட்டில் வாருங்கள். வழி கேட்டால் எங்கள் ஆட்கள் "இந்தா கிட்டத்தான்" என்பார்கள். அதை நம்பாதீர்கள். "நடந்தா எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்று கேளுங்கள், அதற்கு வரும் பதில் ஓரளவு சரியாக இருக்கும். அதோடும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்களை எப்படி அடுக்குவது? கிழமையைப் பார்த்து அடுக்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கொழுந்து பறிப்பு இல்லை. பறித்த கொழுந்தை இரவெல்லாம் வாட்டித்தான் மறுநாள் அரைப்பார்கள். ஆகவே ஞாயிறு மலை வெறுமையாக இருக்கும், திங்கள் தொழிற்சாலை ஓய்ந்திருக்கும். தொழிற்சாலை ஓடுவதைப் பார்க்க ஆசையென்றால் செவ்வாய் முதல் போங்கள். மறுபக்கம், அடிஷம் மாளிகை வார இறுதியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும்தான் திறக்கும். வெள்ளி மாலை அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும்.

சனிக்கிழமை விடியற்காலையில், முதல் நாளே பேசிவைத்த ஆட்டோவில் இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையத்துக்குப் போய்விடுங்கள். மலைமுகட்டில் தனியாக நிற்கும் நிலையம், இரண்டு பக்கமும் பள்ளம். அங்கிருந்து தங்கமலைக் காட்டின் ஓரமாக அப்புத்தளைக்கு வரும் வழி முழு ஊவாவிலும் எனக்குப் பிடித்தது. தேயிலை கொஞ்சம், யூக்கலிப்டஸ் கொஞ்சம், பிறகு பாசி படிந்த அசல் மலைக்காடு. இந்த ஒரு நாளுக்கு மட்டும் உள்ளூர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்; காட்டுக்குள் பாதை கிளை பிரியும், மூடுபனி வந்தால் எல்லாக் கிளையும் ஒன்றுபோல இருக்கும். பலர் ரயில் தண்டவாளத்திலேயே நடந்து வந்துவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம், வளைவில் ரயில் வருவது காற்றுச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. வேண்டாம்.

காட்டை விட்டு வெளியே வருகிற பக்கத்தில்தான் அடிஷம். சர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931-ல் கட்டிய கருங்கல் பங்களா. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அவருடைய ஊரின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். இப்போது பெனடிக்டைன் துறவியர் மடம். உள்ளே ஓரிரு அறைகள்தான் பார்க்கலாம், அதற்காக ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். ஆனால் துறவிகள் செய்து விற்கும் கொய்யா ஜெலி இருக்கிறதே, அதை ஒரு போத்தல் வாங்கிவந்து வாரம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சும்மா இருங்கள். உடம்பு மலைக்குப் பழகட்டும்.

திங்கள் காலை ரயில் ஏறித் தெமோதரையில் இறங்கி எல்லவுக்கு நடக்கலாம், அரை நாள் வேலை. தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழேயே, சுரங்கத்துக்குள், அதே ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நுழைகிறது. இறக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் பொறியாளர்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு இந்த யோசனை வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். வழியில் 1921-ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். கல்லும் செங்கல்லும் சிமெந்தும்தான், இரும்பு இல்லை. பாலத்தில் கூட்டம் நெரியும். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். எல்ல ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, இப்போது அங்கே ஊரைவிட விடுதிதான் அதிகம்.

செவ்வாய் லிப்டன் இருக்கை. தாமஸ் லிப்டன் 1890-ல் இங்கே தோட்டங்களை வாங்கினார். நடுவில் ஏலக்காரரையும் தரகரையும் வைக்காமல், தன் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடைகளிலேயே பொட்டலம் போட்டு விற்றதில்தான் அவர் காசு பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்து தோட்டத்தைப் பார்க்கும் முகடு என்பதால் அந்தப் பெயர். சுமார் 1,970 மீட்டர். தம்பேதன்னை தொழிற்சாலையிலிருந்து மேலே 7 கிலோமீட்டர், தொழிற்சாலையிலிருந்து அப்புத்தளைக்கு இன்னும் ஏறக்குறைய 10. எல்லாம் தார் ரோட்டும் கரத்தை ரோட்டும், வழி தவறவே முடியாது. விடியுமுன் ஆட்டோவில் உச்சிக்குப் போய், சூரியன் ஏறியதும் தொழிற்சாலை வரைக்கும் இறங்கி நடங்கள். அதற்குமேல் முடியாதவர்கள் அங்கிருந்து பஸ் ஏறலாம். அந்த பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளும், பஜாருக்குப் போகும் அம்மாக்களும், ஒரு வாழைத்தார், இரண்டு கோழி என்று எல்லாம் இருக்கும்.

அந்த 7 கிலோமீட்டரை அவசரப்பட்டு இறங்காதீர்கள். பாதையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை வரும், கொழுந்து மடுவம். நேரம் சரியாக இருந்தால் பெண்கள் கூடையோடும் சாக்கோடும் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை தராசில் ஒவ்வொன்றாகத் தூக்குவார், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழிப்பார். கழிக்கிற அந்தக் கணத்தில் எல்லாப் பெண்களின் கண்ணும் தராசு முள்ளில் இருக்கும். அரைக் கிலோவுக்காக ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும், நடுவில் யாரோ ஒரு பகடி விடுவார், எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்த சாக்கு ஏறும். என் அம்மா அந்த வரிசையில் 30 வருடம் நின்றவர். வலது கை ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, கொழுந்துக் கறை, ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

படம் எடுக்கத் தோன்றும். கேட்டுவிட்டு எடுங்கள். பயணிகள் அதிகம் வரும் இடங்களில் படத்துக்குக் காசு கேட்பார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், ஆனால் அதற்காக முகம் சுளிக்காதீர்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்ற நிலைக்கு வரவே 2021 ஆயிற்று. லயத்துக்குள் கேமராவைத் தூக்காதீர்கள். ஒரு லயத்துக் காம்பரா என்பது ஒரே அறை. வாசல்தான் அவர்களுடைய கூடம், குளிப்பதற்கான பீலி பாதையோரத்திலேயே இருக்கும்.

தமிழ் பேசுகிற நடைக்காரருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது, உங்களுக்கு அது வந்த முதல் நாளே புரியும். ஒரு லயத்து வாசலில் நின்று தண்ணீர் கேளுங்கள். "எந்த ஊரு?" என்பார்கள். கோயம்புத்தூர் என்று சொன்னீர்களானால், "அப்படியா, கோத்தகிரிக்குப் பக்கமா? என் பெரியப்பா பிள்ளைங்க அங்கதான்" என்று ஒரு குரல் வரும், தண்ணீர் தேத்தண்ணியாக மாறும். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்க உண்டாக்கியவைதான். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொதி ஒன்று பையில் வைத்திருங்கள்.

நடை என்று பேசும்போது இதையும் சொல்லவேண்டும். காப்பிக் காலத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்துதான் மலைக்கு ஏறினார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023-ல், வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியைத் திரும்ப நடந்தார்கள். ஜூலைக் கடைசியில் கிளம்பி ஆகஸ்ட்டில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வழி விடுமுறை நடைக்கு ஏற்றதல்ல, ஆகஸ்ட்டில் அங்கே வெயில் ஆளைச் சுருட்டிவிடும். ஆனால் பெக்கோ பாதையில் நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு கல்லும் அந்த வழியாக வந்தவர்கள் அடுக்கியது.

புதன் கிழமையை வெறுமையாக விட்டுவையுங்கள். மழையில் ஒரு நாள் போனால் அதை ஈடுகட்ட அது வேண்டும். எதுவும் கெடாவிட்டால், பிடித்த வழியை இன்னொரு தடவை நடக்கலாம். உலகமுடிவைப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். சுமார் 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம், நல்ல இடம்தான். ஆனால் ஆகஸ்ட்டில் அங்கே தென்மேற்கு மேகம் குந்திக்கொண்டிருக்கும். கூலி கொடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி, குளிரில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வந்தால் போங்கள்.

அப்படி அந்த மாதங்களில் இன்னொரு முறை வருவதானால் தொடக்கக் கட்டங்களைச் செய்யுங்கள்: ஹந்தானை, கலஹா, லூல்கந்துர. லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில், 1869-ல், காப்பிச் செடியில் துரு நோய் கண்டது. காப்பி முழுக்கப் படுத்தபோது தோட்டக்காரர்கள் எல்லோரும் அவருடைய 19 ஏக்கரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருந்த குடிலில் இன்று மிச்சம் ஒரு புகைபோக்கி. மேலே போனால் அவர் உட்கார்ந்த கல் இருக்கை ஒன்று. லிப்டன் இருக்கைக்குக் கிடைக்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வராது.

சரி, கவனிக்க வேண்டியவை. அட்டை எல்லோருக்கும் தெரியும், காலுறைக்கு மேல் சவர்க்காரம் (சோப்பு) தேய்த்துக்கொண்டால் போதும். அட்டையால் யாரும் செத்ததில்லை. குளவி வேறு கதை. தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்ற செய்தி எங்கள் பத்திரிகையில் அடிக்கடி வரும், உயிரும் போயிருக்கிறது. பெரிய மரத்திலும் பாறையிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கூட்டுக்குக் கீழே நின்று சத்தம் போடாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். தொழிலாளர்கள் ஒரு பக்கமாகப் போகாமல் சுற்றிப் போகிறார்கள் என்றால் நீங்களும் சுற்றிப் போங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்காதீர்கள். மேலே தேயிலைக்கு அடித்த மருந்தும் உரமும் அதில்தான் இறங்கும்.

மழையை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகக் கீழே இறங்கினால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. 2025 நவம்பர்க் கடைசியில் வந்த தித்வா புயலில் மலைநாடு எங்கும் மண் சரிந்தது, ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. அதனால் கிளம்பும் வாரத்தில் இரண்டைப் பாருங்கள்: ரயில் எதுவரை ஓடுகிறது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை எதுவும் விட்டிருக்கிறதா. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு நடை இல்லை, அவ்வளவுதான். பெக்கோ பாதைக்கென்று உள்ள இணையதளத்தில் ஒவ்வொரு கட்டத்தின் வரைபடமும் இருக்கிறது. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், பள்ளங்களில் சிக்னல் இருக்காது. வெளிநாட்டவர் நடக்க அனுமதி, கட்டணம் எப்படி என்பதையும் அங்கேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அறை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விடியற்காலை ஐந்தரைக்குச் சாப்பாடு கட்டித் தருவீர்களா? தருவதாகச் சொன்னாலும் முதல் நாள் இரவே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த நண்பர்களைக் கூட்டிப் போனபோது, தங்கிய இடத்தில் சமையல்காரர் எழுந்ததே ஏழு மணிக்கு. ரொட்டி வந்து நாங்கள் ஏறி முடிப்பதற்குள் மூடுபனி எங்களை முந்திக்கொண்டது. கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும் ஆறினாலும் ருசி கெடாது, மத்தியானம் வரை தாங்கும். பஜாரில் காலை ஐந்தரைக்கே திறக்கும் கடைகளில் வடையும் பணிஸும் கிடைக்கும். ஆனால் மாதம் 10-ஆம் திகதியை ஒட்டி வந்தால் தோட்டத்துச் சம்பள நாள், பஜாரும் பஸ்ஸும் திணறும்.

கொழும்பிலிருந்து அப்புத்தளைக்கு ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், ஆகஸ்ட்டில் திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு வராதீர்கள். முழங்காலை ரயிலிலேயே கெடுத்துக்கொண்டு மலைக்கு வந்து என்ன பயன்? பஸ்ஸில் வாருங்கள். மேலே இருக்கும்போது பதுளைப் பக்கம் போகும் குட்டிப் பயணங்களுக்கு முன்பதிவே வேண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு போதும்.

சப்பாத்து (ஷூ) புதிது வேண்டாம், இரண்டு மாதம் மருதமலைப் படியில் ஏறி இறங்கிப் பழகியதைக் கொண்டுவாருங்கள். ஸ்வெட்டர் ஒன்று, காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு ஒன்று. குடை எடுத்துவராதீர்கள். ஆகஸ்ட் மாத அப்புத்தளைக் காற்றில் அதை விரித்தீர்களென்றால், கம்பி மட்டும்தான் கையில் மிஞ்சும்.